இங்கிலாந்தா, மிலானா, மும்பையா: முதலீட்டு வங்கி வேலைக்கு எந்த முதுகலை?

கேள்வி: நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பி.காம். முடித்துவிட்டு ஒன்றரை ஆண்டாகச் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். லண்டனில் உள்ள ஒரு முதலீட்டு வங்கியின் (நிறுவனங்களின் பங்கு வெளியீடு, இணைப்பு, விற்பனை ஆகியவற்றை நடத்தித் தரும் வங்கி) குழுவுக்காக நிறுவன விவரத்தாள்களும் ஒப்பீட்டு அட்டவணைகளும் தயாரித்து அனுப்புவதுதான் என் பணி. அந்த அட்டவணைகளை வைத்துப் பேச்சுவார்த்தை நடக்கும் அறையில் நானும் இருக்க வேண்டும் என்பது ஆசை. 2026 செப்டம்பரில் தொடங்கும் இரண்டு படிப்புகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று, இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு எம்.எஸ்சி. ஃபைனான்ஸ். மற்றது, இத்தாலியின் மிலான் நகரத்துப் பொக்கோனி பல்கலைக்கழகத்தில் பாதிக் கட்டணச் சலுகையுடன் ஈராண்டு எம்.எஸ்சி. ஃபைனான்ஸ். மும்பை ஜம்னாலால் பஜாஜ் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் எம்.எஸ்சி. ஃபைனான்ஸும் மனத்தில் இருக்கிறது. செலவெல்லாம் சேர்த்து வாரிக்குக்கு 60 லட்சம், மிலானுக்கு 45 லட்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அப்பா வீட்டையும் பட்டறையையும் அடமானம் வைக்கத் தயார் என்கிறார். ஐந்து ரோட்டில் உள்ள ஆலோசனை மையத்தில், “ஒரே வருடத்தில் முடிந்துவிடும், தரவரிசையிலும் நல்ல இடம், வாரிக்குக்கே போங்கள்” என்கிறார்கள். எதைத் தேர்வது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் படிக்கும்போது அவற்றை எடைபோட உங்களுக்கு வசதியாக இருக்கும். உங்கள் நிலைமையில் மிலானை முதலாவதாகவும், மும்பையை இரண்டாவதாகவும், வாரிக்கை மூன்றாவதாகவும் வைப்பேன். வாரிக் நல்ல பல்கலைக்கழகம். அங்கே படித்துவிட்டு லண்டன் வங்கிகளில் அமர்ந்தவர்களை நான் அறிவேன். ஆனால் இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் முறைக்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது. அந்த நாட்காட்டிக்கும் ஓராண்டுப் படிப்புக்கும் உள்ள பொருத்தம், வெளிநாட்டு விசாவில் போகிற, இன்னும் எந்த வங்கியிலும் பயிற்சிக்கு அமராத ஒருவருக்கு மிக மோசமானது. ஆலோசனை மையத்தில் உங்களிடம் இதைச் சொல்லவில்லை என்பது கடிதத்திலிருந்தே தெரிகிறது.

மும்பையில் மெர்ச்சன்ட் பேங்க் (முதலீட்டு வங்கிக்கு நம் நாட்டில் வழங்கும் பெயர்) ஒன்றில் 15 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சேலத்துக்குத் திரும்பியவன் நான். அதில் பல ஆண்டுகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்தேன். அதற்கு முன்பு, இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலை படித்தேன். செப்டம்பர் கடைசி வாரம் போய் இறங்கி, அறை பார்த்து, வங்கிக் கணக்குத் தொடங்கி, குளிருக்கு ஒரு மேல்கோட்டு வாங்கி, பாடங்களில் ஊன்றிய பிறகு, முதல் பருவத் தேர்வு முடிந்ததும் ஜனவரியில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தேன். நவம்பர் நடுவில் நூலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த மாணவர் மூன்றாவது நேர்காணலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அன்றிரவே உட்கார்ந்து பார்த்தால், நான் குறித்துவைத்திருந்த ஐந்து வங்கிகளில் மூன்றின் விண்ணப்பப் பக்கம் மூடியிருந்தது. அந்த ஆண்டு எனக்கு லண்டனில் வேலை கிடைக்கவில்லை. இன்றைக்கும் அந்த இரவை நான் மறக்கவில்லை. இந்தப் பதிலை இத்தனை நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த நாட்காட்டி இப்படி ஓடுகிறது. லண்டனின் பெரிய வங்கிகள் அடுத்த ஆண்டுக் கோடைப் பயிற்சிக்கான விண்ணப்பங்களைப் பெரும்பாலும் முந்தைய ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலேயே திறந்துவிடுகின்றன. கடைசித் தேதி பின்னால் இருந்தாலும், வருகிற விண்ணப்பங்களை வரவரப் பார்த்து இடங்களை நிரப்பிக்கொண்டே போவது பல வங்கிகளின் வழக்கம். இணையவழித் தேர்வு, கேமரா முன் தனியாக உட்கார்ந்து பதில் சொல்லும் பதிவு நேர்காணல், பிறகு ஒரு நாள் முழுவதும் நடக்கும் நேரடித் தேர்வு என்று அடுக்கடுக்காகச் சல்லடை போடுகிறார்கள். கோடையில் பயிற்சிக்கு வந்த மாணவர்களிலிருந்தே முழுநேர அனலிஸ்டுகளில் (தொடக்கநிலைப் பணியாளர்களில்) பெரும் பங்கினரை எடுத்துக்கொள்கிறார்கள். பயிற்சியைத் தாண்டாமல் நேரடியாக முழுநேர வேலைக்கு நுழையும் வாசல் மிகக் குறுகலானது. ஆகவே, இந்தத் துறையில் முதுகலைப் படிப்பின் பெரிய பயன் வகுப்பறையில் இல்லை. ஒரு கோடைக்காலத்தையோ ஆறு மாதத்தையோ ஒரு வங்கிக்குள் கழிக்க அது உங்களுக்கு வழி திறக்கிறதா என்பதில்தான் இருக்கிறது.

இந்த அளவுகோலை வாரிக்கின் மீது வைத்துப் பாருங்கள். செப்டம்பர் இறுதியில் நீங்கள் போய்ச் சேரும்போதே விண்ணப்பக் காலம் நடந்துகொண்டிருக்கும். அதற்குள் உங்கள் தற்குறிப்பில் அந்தப் பல்கலைக்கழகத்தில் பெற்ற ஒரு மதிப்பெண்கூட இருக்காது. சரி, எப்படியோ கோடைப் பயிற்சி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாணவர் விசாவில் பாடக்காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம்; விடுமுறையில்தான் முழுநேர வேலைக்கு அனுமதி உண்டு. இளங்கலை மாணவருக்குக் கோடை விடுமுறை. ஆனால் ஓராண்டு முதுகலை மாணவருக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆய்வேடு எழுதும் காலம். அது பாடக்காலமாகவே கணக்கில் கொள்ளப்படும். ஆகவே மற்றவர்கள் பயிற்சிக்குப் போகும் அதே பத்து வாரத்தில் நீங்கள் சட்டப்படி முழுநேரம் அமர முடியாத நிலை வரலாம். படிப்பு முடிந்து, முடிவு அறிவிக்கப்பட்டு, படித்து முடித்தவர் அங்கேயே தங்கி வேலை தேடவும் செய்யவும் உதவும் கிராஜுவேட் விசா எடுத்த பிறகு, பருவம் தவறிய பயிற்சிகளைத் தேட வேண்டும்; மூன்று முதல் ஆறு மாதம் வரை நீளும் அவற்றை ஆஃப் சைக்கிள் பயிற்சி என்பார்கள். அந்தப் பயிற்சிகளும் உண்மையானவைதான். அவை வழியாக வேலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் படிப்பு முடிந்து, கடன் தவணை நெருங்கி, விசா நாட்கள் ஓடிக்கொண்டிருக்கையில் தேடுவதற்கும், இன்னும் ஓராண்டுப் படிப்பு கையில் இருக்கும்போது தேடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

அந்த விசா நாட்களும் குறைகின்றன. 2021இல் வந்த கிராஜுவேட் விசா முதுகலை முடித்தவருக்கு இரண்டு ஆண்டு தந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதம்தான். நீங்கள் 2026இல் சேர்ந்து 2027 இலையுதிர் காலத்தில் முடிப்பவர் என்பதால் 18 மாதக் கணக்கே உங்களுக்குப் பொருந்தும். அதற்குள் ஒரு வங்கி உங்களை ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு (திறன் பணியாளர் விசா) ஸ்பான்சர் செய்ய முன்வர வேண்டும். 2025 ஜூலை முதல் அந்த விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுன். பெரிய வங்கியின் முதலாண்டு அனலிஸ்ட் சம்பளம் அதைத் தாண்டிவிடும் என்பதால் வரம்பு ஒரு தடையாக இராது. ஸ்பான்சர் செய்யும் மனம்தான் கேள்வி: பெரிய வங்கிகள் செய்கின்றன, பத்துப் பதினைந்து பேர் கொண்ட சிறிய ஆலோசனை நிறுவனங்கள் பல தயங்குகின்றன. ஆஃப் சைக்கிள் பயிற்சிகளை அதிகம் தருவது அந்தச் சிறிய நிறுவனங்கள்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மிலானில் நாட்காட்டி உங்களுக்காக வேலை செய்கிறது. ஈராண்டுப் படிப்பில் முதலாண்டு முடிந்து இரண்டாமாண்டு தொடங்குவதற்கு இடையே ஒரு முழுக் கோடை இருக்கிறது. அதுதான் வங்கிகள் தேடும் கோடை. 2026 செப்டம்பரில் சேர்ந்ததும் விண்ணப்பித்து, 2027 கோடையில் பயிற்சி முடித்து, வேலை உறுதியானால் நிம்மதியாக இரண்டாமாண்டைப் படிக்கலாம். உறுதியாகாவிட்டால், பயிற்சி பெற்றவர் என்ற தகுதியோடு மறுபடியும் ஒருமுறை முயலலாம். ஒரு முறை தவறினால் இன்னொரு முறை என்ற இந்த இரண்டாவது வாய்ப்புக்காகவே ஓர் ஆண்டின் கூடுதல் வாழ்க்கைச் செலவைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. பொக்கோனியிலிருந்து லண்டன் வங்கிகளுக்கு மாணவர்கள் போவது நெடுநாள் வழக்கம். அங்கே முன்பு படித்தவர்கள் லண்டன் மேசைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தங்கள் பல்கலைக்கழகத்துத் தற்குறிப்பை அவர்கள் ஒதுக்கிவிடுவதில்லை. மேலும் பாடத்திட்டத்தோடு இணைந்த பயிற்சிக்கு இத்தாலிய மாணவர் அனுமதியிலேயே இடமுண்டு. படிப்பு முடிந்தபின் வேலை தேடுவதற்கென்று ஓராண்டு வரை தங்கும் அனுமதியும் உண்டு.

மிலானின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பியப் பட்டம் லண்டனில் வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. உங்களோடு படிக்கும் இத்தாலியருக்கும் இப்போது அங்கே விசா தேவை. அந்த வகையில் நீங்கள் அவருக்குச் சமம். லண்டனில் கோடைப் பயிற்சி என்றால் அந்த வங்கி உங்களுக்குத் தற்காலிகப் பணி விசாவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பெரிய வங்கிகளுக்கு அது வழக்கமான காரியம், சிறியவற்றுக்குச் சுமை. மிலான் நகரத்திலேயே உள்ள வங்கிகளிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் வாடிக்கையாளரோடு பேச இத்தாலிய மொழி வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடப்பதால் பலர் மொழியைக் கற்காமலே ஈராண்டைக் கழித்துவிடுகிறார்கள். அந்தத் தவறைச் செய்யாதீர்கள், இப்போதிருந்தே தினமும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். புள்ளியியலும் கணிதமும் அங்கே கூடுதலாக இருக்கும். நம் ஊர் பி.காம். பாடத்தில் அவ்வளவு இல்லை. கோடையிலேயே பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் நுண்கணிதப் பகுதியையும் நிகழ்தகவுப் பகுதியையும் ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

மும்பையை வெறும் ஆறுதல் பரிசு என்று எண்ண வேண்டாம். ஜம்னாலால் பஜாஜ் 1965 முதல் சர்ச்கேட்டில் நடக்கும் நிறுவனம். மும்பையின் நிதி நிறுவனங்களில் அதன் பழைய மாணவர்கள் பரவலாக இருக்கிறார்கள், கட்டணமோ வெளிநாட்டுச் செலவில் ஒரு சிறு பகுதி. ஒன்றில் மட்டும் கவனம் தேவை. அங்கே புகழ் பெற்றது ஈராண்டு மேலாண்மைப் படிப்பு. அதன் வேலைவாய்ப்புக் கணக்கை எம்.எஸ்சி. ஃபைனான்ஸுக்கும் உரியதென்று கொள்ளாமல், எம்.எஸ்சி.க்கென்று தனியே கேட்டு வாங்குங்கள். இந்தியாவுக்குள் பங்கு வெளியீடு, நிறுவன இணைப்பு போன்ற டீல் வேலைகளில் மும்பை வங்கிகள் பெரும்பாலும் ஐ.ஐ.எம்.களிலிருந்தும் அவற்றுக்கு நிகரான சில நிறுவனங்களிலிருந்தும் வளாகத் தேர்வில் எடுக்கின்றன. பட்டயக் கணக்காளர்களையும் எடுக்கின்றன. வெளிநாட்டு ஓராண்டு எம்.எஸ்சி.யோடு திரும்பி வருபவருக்கு அந்த வளாகக் கதவு கிடையாது. அவர் தனியாகக் கதவைத் தட்ட வேண்டும். தேர்வுக் குழுவில் இருந்தபோது அப்படி வந்த நல்ல பிள்ளைகளின் தற்குறிப்புகள், எந்தக் குவியலில் வைப்பது என்று தெரியாமலே ஒதுங்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். எனவே உங்கள் உண்மையான ஆசை மும்பையில் டீல் செய்வதுதான் என்றால், 60 லட்சம் செலவழித்து, வாரிக் பல்கலைக்கழகம் இருக்கும் கோவென்ட்ரி வரை போய் வருவது சுற்றுவழி. ஓராண்டு பொறுத்து ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வு எழுதுவதுகூட அதைவிட நேர்வழி.

தரவரிசை பற்றி ஒரு சொல். ஃபைனான்ஷியல் டைம்ஸ் வெளியிடும் நிதி முதுகலைப் பட்டியல்தான் எல்லோரும் காட்டுவது. அதில் பெரிய எடை, படிப்பு முடித்து மூன்றாண்டு கழித்து மாணவர் வாங்கும் சம்பளத்துக்கு. அந்தச் சம்பளமும் அந்தந்த நாட்டின் வாங்கும் திறனுக்கேற்ப டாலரில் மாற்றிக் கணக்கிடப்படுகிறது. விலைவாசி குறைந்த நாட்டில் வேலை பார்ப்பவரின் சம்பளம் தாளில் பெரிதாகத் தெரியும். மேலும் அது வங்கி, ஆலோசனை நிறுவனம், காப்பீடு, தொழிற்சாலைக் கணக்குப் பிரிவு எல்லாவற்றையும் சேர்த்த சராசரி. முதலீட்டு வங்கியின் டீல் குழுவில் எத்தனை பேர், அவர்களில் உங்களைப் போல இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை.

பல்கலைக்கழகங்கள் வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கையையும் இதே கண்ணோடு படியுங்கள். “95 சதவீதம் பேர் வேலையில்” என்று போட்டிருந்தால் அடிக்குறிப்பைத் தேடுங்கள். 100 பேர் படித்த வகுப்பில் 60 பேர்தான் விவரம் கொடுத்தார்கள், அந்த 60இல் 57 பேர் வேலையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 95 சதவீதம் என்று போடுவதில் பொய் இல்லை. அந்த 57இல் நிதித்துறை 40, அதில் வங்கி 25, அந்த 25இல் செயல்பாட்டுப் பிரிவையும் இடர் மேலாண்மையையும் கழித்தால் டீல் வேலை 10 என்று இறங்கிக்கொண்டே வரும். நான் சொன்ன எண்கள் வெறும் எடுத்துக்காட்டு. ஆனால் இந்த இறக்கத்தை நீங்களே படிப்படியாகப் போட்டுப் பார்த்தால்தான், எந்தப் படியில் நீங்கள் நிற்க விரும்புகிறீர்களோ அந்தப் படியில் எத்தனை இடம் இருக்கிறது என்று தெரியும்.

இப்போது பணம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான். 60 லட்சத்தை ஆண்டுக்குப் பத்தரை சதவீத வட்டியில் பத்தாண்டில் அடைப்பதாக வைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 81,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 97 லட்சத்தைத் தொட்டிருக்கும். படிக்கும் காலத்தில் சேரும் வட்டி இதற்கு மேல். 45 லட்சத்துக்கு அதே கணக்கில் தவணை சுமார் 60,700. லண்டன் சம்பளத்தில் இரண்டுமே கட்டக்கூடிய தொகைகள். ஆனால் கடன் கணக்கை லண்டன் சம்பளத்தில் போடக் கூடாது. வேலை கிடைக்காமல் சென்னைக்குத் திரும்பி, இப்போதைய வேலையைவிடச் சற்று மேலான ஒன்றில் அமர்ந்தால் என்ன ஆகும் என்று போட வேண்டும். அந்தச் சம்பளத்தில் 60,700 என்பது கழுத்தை இறுக்கும். 81,000 என்பது உங்கள் அப்பாவின் தோளில் போய் விழும்.

கொலுசுப் பட்டறையின் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. வியாபாரி கொடுக்கும் வெள்ளிக்குக் கூலி வாங்கிச் செய்யும் பட்டறையாக இருந்தால், பட்டறையில் கிடக்கும் வெள்ளி அவருடையது, உங்களுடையது அல்ல. சொந்தம் என்று இருப்பது இடமும் இயந்திரங்களும் கைத்தொழிலும்தான். சொந்த வெள்ளியில் செய்பவர் என்றால், விலை ஏறும்போது அதே எடைக்கு அதிக முதல் முடங்கும். அப்போது வங்கியில் ஓவர்டிராஃப்ட் வாங்கப் பிணையாக வைக்க அந்த இடம் ஒன்றுதான் இருக்கும். அதைக் கல்விக்கடனுக்குக் கொடுத்துவிட்டால் தொழிலுக்கு வேண்டும்போது கையில் ஒன்றும் இராது. ஆகவே வீட்டை வைப்பதா வேண்டாமா என்பது அப்பாவின் பாசத்தைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. அடுத்த பத்தாண்டுக்குப் பட்டறை எப்படி மூச்சு விடும் என்பதைப் பற்றிய கேள்வி. அவர் “நான் பார்த்துக்கொள்கிறேன் கண்ணு” என்று சொல்வார். எந்தத் தகப்பனும் அப்படித்தான் சொல்வார். நீங்கள் ஒரு தாளை எடுத்து மேலே சொன்ன இரண்டு தவணைகளையும் எழுதி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள்.

பொதுத்துறை வங்கிகளில் ஏழரை லட்சத்துக்கு மேல் போகும் கல்விக்கடனுக்கு வழக்கமாகச் சொத்துப் பிணை கேட்பார்கள். ஆனால் சில வங்கிகள், தாங்களே தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ளவற்றுக்குப் பிணையின்றிக் குறிப்பிட்ட தொகை வரை தருகின்றன. தனியார் கடன் நிறுவனங்களும் பிணையின்றித் தருகின்றன, வட்டி கூடுதல். உங்கள் இரண்டு பல்கலைக்கழகங்களும் எந்தெந்த வங்கியின் பட்டியலில் உள்ளன என்று செவ்வாய்ப்பேட்டைக் கிளையிலேயே எழுத்தில் கேளுங்கள். வீட்டை வைத்துக் குறைந்த வட்டியில் வாங்குவதைவிட, வீட்டைத் தொடாமல் ஒன்றரை சதவீதம் கூடுதலாகக் கட்டுவதையே நான் விரும்புவேன். கடன் வாங்கி அனுப்பும் கல்விப் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடித்தம் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; சொந்தச் சேமிப்பிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் அனுப்பினால் பிடித்தம் உண்டு, பிறகு வரிக்கணக்கில் திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

உங்கள் இப்போதைய வேலையைப் பற்றி, “அட்டவணை தயாரித்து அனுப்புவதுதான்” என்று சற்றுக் குறைத்தே எழுதியிருக்கிறீர்கள். மிலான் வகுப்பில் உங்களோடு உட்காரப் போகும் பலர், ஒரு நிறுவனத்தின் சந்தை மதிப்போடு கடனைக் கூட்டிக் கையிருப்பைக் கழித்து நிறுவன மதிப்பு காண்பதை முதன்முதலாக அங்கேதான் செய்வார்கள். நீங்கள் அதை ஒன்றரை ஆண்டாக நாள்தோறும் செய்திருக்கிறீர்கள். ஆண்டறிக்கையின் அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும் குத்தகைக் கடனைத் தேடிப் பிடித்துச் சேர்த்திருப்பீர்கள். தற்குறிப்பில் எழுதும்போது “லண்டன் குழுவுக்கு ஆதரவு” என்று பொதுவாகப் போடாமல், எந்தத் துறை, எத்தனை நிறுவனங்கள், எந்த வகை டீலுக்காக என்று, ரகசியம் காக்க வேண்டிய பெயர்களை விட்டுவிட்டு எழுதுங்கள். முடிந்தால் கிளம்புவதற்கு முன்பே, நீங்கள் அட்டவணை அனுப்பும் அந்த லண்டன் குழுவில் உங்கள் வேலையைப் பாராட்டிய ஒருவரிடம் பதினைந்து நிமிடம் பேச நேரம் கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகமும் தர முடியாத அறிமுகம் அது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

நேர்காணலுக்கும் நம் ஊரிலேயே நிறையப் பாடம் கிடக்கிறது. தேய்மானம் பத்து ரூபாய் கூடினால் மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன மாறும் என்பது எல்லோரும் கேட்கும் பழைய கேள்வி. வரி 25 சதவீதம் என்றால் நிகர லாபம் ஏழரை குறையும், பணவரவு அறிக்கையில் பத்து திரும்பச் சேரும், கையிருப்பு இரண்டரை கூடும். சொத்துப் பக்கம் நிலையான சொத்தில் பத்து குறைந்து கையிருப்பில் இரண்டரை கூடுவதால் ஏழரை இறங்கும், மறுபக்கம் தக்கவைத்த லாபமும் அதே ஏழரை இறங்கும். இதை மூச்சு விடாமல் சொல்லப் பழகிவிடலாம். ஆனால் “நீங்கள் கவனித்த ஒரு டீலைப் பற்றிச் சொல்லுங்கள்” என்னும்போதுதான் ஆள் யார் என்பது தெரியும். எல்லோரும் செய்தித்தாளில் வந்த அமெரிக்க இணைப்பையே சொல்வார்கள். நீங்கள், ஏற்காட்டு மலையில் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் அலுமினியம் செய்த மால்கோவை 1995இல் ஸ்டெர்லைட் குழுமம் ஏன் வாங்கியது என்று படித்துவிட்டுப் போங்கள். மேச்சேரி அருகே பொட்டனேரியில் இருக்கும் உருக்காலை, சிஸ்கால் என்ற தனி நிறுவனமாக இருந்து ஜே.எஸ்.டபிள்யூ. ஸ்டீலோடு இணைந்த கதையைப் படியுங்கள். 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டபோது, பங்குதாரர்களின் முதல் முழுவதும் ஒன்றுமில்லாமல் ஆனதையும், வைப்புதாரர்களின் பணம் காப்பாற்றப்பட்டதையும் பாருங்கள். யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்ற மூலதன வரிசையை அதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்டாது.

என் வேலையிலிருந்தே ஒன்று. ஏற்காட்டில் ஒரு குடும்பத்தின் காப்பித் தோட்டத்தை மதிப்பிடப் போயிருந்தேன். காப்பியும் மிளகும் தரும் ஆண்டு வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் கழித்துக் கொண்டுவந்தால் ஒரு விலை வந்தது. சாலையோரம் விடுதி கட்ட வருபவர் சொன்ன விலை அதைப் போலப் பல மடங்கு. அண்ணன் முதல் கணக்கைப் பிடித்துக்கொண்டு விற்க வேண்டாம் என்றார், தம்பி இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு விற்றே ஆக வேண்டும் என்றார். இரண்டு விலையும் சரியான விலைதான்; சொத்தை யார், எதற்காக வாங்குகிறார் என்பது மாறியதால் மதிப்பு மாறியது. மூன்று மாதம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசியதில் எனக்குக் கிடைத்த பாடம், நான் வெளிநாட்டில் படித்த மதிப்பீட்டுத் தாளில் இருந்ததைவிட அதிகம். இப்படி உங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை, உங்கள் பட்டறைத் தெருவிலிருந்தே எடுத்து, எண்களோடு சொல்லுங்கள். கேட்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

மிலானுக்கு வைப்புத் தொகை கட்டும் முன் ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டும். பொக்கோனியில் இதே படிப்பை முடித்து இப்போது லண்டனிலோ மிலானிலோ டீல் குழுவில் இருக்கும் இந்திய மாணவர் மூன்று பேரையாவது லிங்க்ட்இனில் தேடிப் பிடியுங்கள். தமிழர்தான் வேண்டும் என்பதில்லை; இந்தியக் கடவுச்சீட்டில் போனவராக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அவர்களிடம் படிப்பு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். முதல் நேர்காணல் எந்த மாதம் வந்தது, கோடைப் பயிற்சி எங்கே, விசா யார் எடுத்தார்கள், வகுப்பில் இருந்த மற்ற இந்தியர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று நான்கே கேள்வி கேளுங்கள். நான்காவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியமானது, ஏனென்றால் வெற்றி பெற்றவரை மட்டும் தேடிப் பிடித்தால் தோற்றவர் கணக்கில் வரமாட்டார். மூன்று பேரும் ஏறத்தாழ ஒன்றுபோல் சொன்னால் கட்டிவிடுங்கள். அவர்கள் தயங்கினால், அல்லது மூன்று பேரைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால், பதில்களை அப்படியே எனக்கு அனுப்புங்கள், மும்பையின் எம்.எஸ்சி. கணக்கையும் பக்கத்தில் வைத்து, அப்பாவையும் உட்காரவைத்து மறுபடியும் பார்ப்போம்.